சர்க்கரை போக மிஞ்சியது

இஞ்சி கேக் செய்முறை ஒன்றைத் தமிழில் படித்தேன். பொருட்களின் வரிசையில் ‘வெல்லப்பாகு அரை கப்’ என்று இருந்தது. கூட இருந்த மற்றப் பொருட்களைப் பார்த்ததுமே மூலத்தில் இருந்தது மொலாசஸ் என்று தெரிந்துவிட்டது. மொழிபெயர்த்தவரைக் குறை சொல்ல முடியாது, அகராதியும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அதை நம்பி வெல்லத்தைக் கரைத்துக் காய்ச்சி ஊற்றினால் ஒரு கேக் வரும், அந்தக் கேக் வராது. கறுப்பு நிறம் இருக்காது. நாக்கின் பின்பக்கம் தங்குகிற லேசான கசப்பும் இருக்காது.

கரும்புச் சாற்றில் தண்ணீர் போக மீதி ஏறத்தாழ அத்தனையும் இறுகினால் வெல்லம். அதே சாற்றிலிருந்து சர்க்கரையை எவ்வளவு எடுக்க முடியுமோ அவ்வளவையும் எடுத்தபின் அடியில் நிற்கிற கறுப்புக் குழம்பு மொலாசஸ். ஒன்று முழுசு, மற்றது மீதி. சர்க்கரை ஆலைப் பேச்சில் இதற்குக் கழிவுப்பாகு என்று பெயர். சமையலறைக்குள் வைத்துக்கொள்ளக் கூச்சமான பெயர்தான், ஆனாலும் பொருள் இன்னது என்பதை வெல்லப்பாகைவிட ஒளிக்காமல் சொல்கிறது. இங்கே மொலாசஸ் என்றே எழுதுகிறேன்.

இது எப்படி வருகிறது என்று தெரிந்தால், இதை வைத்து என்ன செய்யலாம் என்பதில் பாதி தானாக விளங்கிவிடும். கரும்பைப் பிழிந்து, சுண்ணாம்பு சேர்த்துத் தெளியவைத்து, சாற்றைச் சுண்டக் காய்ச்சுகிறார்கள். கடைசிக் காய்ச்சல் நடப்பது காற்றை உறிஞ்சிய மூடிய கலங்களில். அழுத்தம் குறைவதால் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும், சர்க்கரை அவ்வளவாகக் கருகாது. ஒரு கட்டத்தில் படிகங்கள் தோன்றும். படிகமும் பாகும் கலந்த அந்தக் கூழைச் சல்லடைச் சுவர் கொண்ட கூடையில் போட்டு வேகமாகச் சுழற்றினால் பாகு வெளியே தெறித்துப் போகும், சர்க்கரை உள்ளே நிற்கும். தெறித்துப் போன பாகுதான் முதல் மொலாசஸ்.

அதில் இன்னும் நிறையச் சர்க்கரை இருக்கிறது. விட்டுவிட ஆலைக்கு மனம் வருமா? மறுபடி காய்ச்சி, படியவைத்து, சுழற்றுவார்கள். அது இரண்டாம் மொலாசஸ். அதையும் ஒருமுறை காய்ச்சி எடுத்தபின் நிற்பது பிளாக்ஸ்ட்ராப். அதற்குமேல் காய்ச்சினால் எரிபொருள் செலவுக்குக்கூடச் சர்க்கரை தேறாது. இந்தப் பெயரில் உள்ள ‘ஸ்ட்ராப்’ வாரும் இல்லை, பட்டையும் இல்லை. பாகுக்கு டச்சு மொழியில் உள்ள ‘ஸ்ட்ரோப்’ என்ற சொல் திரிந்து இப்படி ஆனது என்பார்கள்.

ஒவ்வொரு காய்ச்சலிலும் சர்க்கரை குறைந்துகொண்டே போக, படிகத்துக்குள் இடம் கிடைக்காத உப்புகளும் அமிலங்களும் அடர்ந்துகொண்டே வருகின்றன. திரும்பத் திரும்பச் சூடு பட்டதில் சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து நிறத்தையும் கசப்பையும் ஏற்றுகின்றன. ரொட்டியின் மேல்தோல் சிவப்பதும் காப்பிக்கொட்டை வறுபடும்போது மணப்பதும் இதே வகை வினைதான். ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். முதலில் இனிப்பு, உடனே காப்பி, பிறகு உலர்ந்த திராட்சை, கடைசியில் இரும்புச் சாவியை வாயில் வைத்த மாதிரி ஒரு சுவை. இந்த வரிசையில் இனிப்பு முதலில் வந்து முதலில் போய்விடுகிறது. மொலாசஸை மசாலாப் பொருளாக எண்ணிக் கையாள்கிறவர்களுக்குச் சமையல் நன்றாக வருவதும், சர்க்கரைக்கு மாற்றாக எண்ணுகிறவர்கள் ஏமாறுவதும் இதனால்தான்.

நானும் ஏமாந்தவன்தான். முதன்முதலில் வாங்கியது பிளாக்ஸ்ட்ராப். எவ்வளவு கறுப்போ அவ்வளவு அசல் என்ற நினைப்பு. மெத்தென்று வரவேண்டிய இஞ்சி பிஸ்கட்டுக்குச் செய்முறையில் சொன்ன அளவு முழுவதையும் அதிலேயே ஊற்றினேன். வீட்டில் ஒருவர் ஒரு கடி கடித்துவிட்டு, “இது பிஸ்கட்டா, மருந்தா?” என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

பின்னால் தெரிந்தது, அவர் அறியாமலே சரித்திரம் பேசியிருக்கிறார் என்று. பிரிட்டனில் மொலாசஸுக்கு ஒப்பான பாகுக்கு ட்ரீக்கிள் என்று பெயர். விஷக்கடிக்குக் கொடுத்த ஒரு பழைய லேகியத்தின் கிரேக்கப் பெயர்தான் நாக்கு மாறி மாறி ட்ரீக்கிள் ஆனது. மருந்து விற்றவர்கள் சரக்குகளைத் தேனிலும் பாகிலும் குழைத்துக் கொடுத்தார்கள். நாளடைவில் மருந்து மறைந்து, குழைத்த பாகுக்கே பெயர் நின்றுவிட்டது. மொலாசஸ் என்ற சொல்லின் பிறப்பு இவ்வளவு கசப்பில்லை. தேனைக் குறிக்கும் லத்தீன் ‘மெல்’ என்ற வேரிலிருந்து போர்த்துகீசியம் வழியாக வந்தது.

செய்முறையில் வெறுமனே மொலாசஸ் என்று மட்டும் இருந்தால், அது முதல் காய்ச்சல் அல்லது இரண்டாம் காய்ச்சலைத்தான் சொல்கிறது. புட்டிகளில் ‘லைட்’, ‘டார்க்’ என்று போட்டிருக்கும். இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளலாம், நிறமும் சுவையின் அழுத்தமும்தான் கூடக் குறைய இருக்கும். பிளாக்ஸ்ட்ராப்பை மட்டும் அப்படி மாற்றக் கூடாது. கையில் அதுதான் இருக்கிறது என்றால் பாதி அளவை அதில் எடுத்து, மீதிப் பாதிக்குத் தேனோ வேறு பாகோ சேர்த்துக்கொள்வது நல்லது. ‘கந்தகம் சேர்க்காதது’ என்று சில புட்டிகளில் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். சாறு கெடாமலும் நிறம் வெளிறவும் கந்தக டை-ஆக்சைடு சேர்ப்பது ஒரு வழக்கம். அது சேர்ந்தால் நாக்கில் மருந்து நெடி தட்டும். சமையலுக்குச் சேர்க்காததே போதும்.

கேக்கிலும் பிஸ்கட்டிலும் இது என்ன வேலை செய்கிறது என்று பார்க்க நல்ல இடம் சோடா போடுகிற கட்டம். ஒரு கிண்ணத்தில் அரை கப் மொலாசஸ், அதன்மேல் கொஞ்சம் வெந்நீர், பிறகு அரைத் தேக்கரண்டி சமையல் சோடா. கரண்டியால் ஒரு சுற்று சுற்றினால் முதலில் ஒன்றும் நடக்காதது போலிருக்கும். பிறகு விளிம்பில் சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பும். கறுப்பு மெல்ல வெளிறிச் செம்பழுப்பாகும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நுரைத்து எழும்பும். சின்னக் கிண்ணமாக இருந்தால் மேடை துடைக்கிற வேலையும் சேர்ந்துகொள்ளும். மொலாசஸின் பிஎச் அளவு 5-ஐ ஒட்டி நிற்கும், அதாவது அது புளிப்புப் பொருள். இனிப்பு அதை நாக்குக்குத் தெரியாமல் மறைத்துவிடுகிறது, சோடாவிடம் மறைக்க முடியாது. பேக்கிங் பவுடர் கடைக்கு வருவதற்கு முந்தைய காலத்தில் மாவு உப்ப சோடாவோடு புளித்த மோரையோ மொலாசஸையோ சேர்த்தார்கள். அந்தக் காலத்துச் செய்முறைகள்தான் இன்றைக்கும் நம் கைக்கு வருகின்றன.

இதிலிருந்து ஒரு பிரச்சினை. மொலாசஸ் கிடைக்கவில்லை என்று அந்த இடத்தில் வெள்ளைச் சர்க்கரையைப் போட்டு, சோடாவை அப்படியே விட்டால், சோடாவுக்கு ஜோடி இல்லாமல் போகிறது. கேக் சரியாக எழும்பாது, சாப்பிட்டால் சோப்பு வாடை அடிக்கும். தலைகீழாக, சர்க்கரைச் செய்முறையில் மொலாசஸைப் புகுத்துகிறவர்கள் ஒரு கப் சர்க்கரைக்கு 1⅓ கப் மொலாசஸ் என்று கணக்கு வைக்கிறார்கள். மொலாசஸோடு தண்ணீரும் வருவதால் மற்ற திரவத்தில் ஐந்து மேசைக்கரண்டி குறைக்க வேண்டும். கொஞ்சம் சோடா சேர்க்க வேண்டும். மேல்பக்கம் சீக்கிரம் கறுத்துவிடும் என்பதால் ஓவன் சூட்டையும் 15 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறக்க வேண்டும். இவ்வளவும் செய்தாலும் சர்க்கரையில் பாதிக்கு மேல் மாற்றாமல் இருப்பது உத்தமம். வெண்ணெயோடு சர்க்கரையைத் தேய்க்கும்போது படிகத்தின் கூர்முனைகள்தான் காற்றை உள்ளே இழுத்து வைக்கின்றன. பாகால் அந்த வேலையைச் செய்ய முடியாது. முழுவதும் மாற்றிய கேக் கனத்து உட்கார்ந்துவிடும்.

அடுத்தது ஈரம். வெள்ளைச் சர்க்கரை முழுக்கச் சுக்ரோஸ். சாதாரண மொலாசஸ் 100 கிராம் எடுத்தால் தண்ணீர் 22 கிராம், சுக்ரோஸ் சுமார் 30 கிராம், அது உடைந்து வந்த குளுக்கோஸும் பிரக்டோஸும் சேர்ந்து சுமார் 25 கிராம். இந்த உடைந்த சர்க்கரைகள், குறிப்பாக பிரக்டோஸ், தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மொலாசஸ் போட்ட பிஸ்கட் மறுநாளும் வளைகிறது, சர்க்கரை மட்டும் போட்டது மொறுமொறுப்பாக உடைகிறது என்றால் காரணம் இதுதான். நல்ல இஞ்சி கேக்கைச் சுட்ட அன்றே வெட்டாமல், காகிதத்தில் சுற்றி ஒரு நாள் வைத்துச் சாப்பிடச் சொல்வார்கள். அது வெறும் சம்பிரதாயம் இல்லை. மேல்தோல் மெத்தென்று ஆகி, கசப்பின் முனையும் மழுங்கியிருக்கும்.

கடையில் விற்கும் பழுப்புச் சர்க்கரை மென்மையாக, ஈர மணல் போல இருப்பதும் இதே விஷயம். பெரும்பாலும் அது வெள்ளைச் சர்க்கரையின் மேல் மொலாசஸைத் திரும்பப் பூசியதுதான். இளம் பழுப்பில் 3.5 சதவீதம் அளவு மொலாசஸ், அடர் பழுப்பில் 6.5 சதவீதம் அளவு. கஷ்டப்பட்டுப் பிரித்ததைத் திரும்பக் கலந்து விற்கிறார்கள் என்று நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. வீட்டில் 200 கிராம் வெள்ளைச் சர்க்கரையில் ஒரு மேசைக்கரண்டி மொலாசஸை விட்டு முள்கரண்டியால் பிசறினால் ஏறத்தாழ அதே மாதிரிப் பொருள் கிடைத்துவிடும்.

மொலாசஸின் சாமர்த்தியம் எனக்கு அதிகம் தெரிகிற இடம் கேக் இல்லை, பாஸ்டன் பெயர் தாங்கிய பீன்ஸ் பதார்த்தம். சிறிய வெள்ளை பீன்ஸ் பயறு, உப்பிட்ட பன்றிக்கறி, கடுகு, மொலாசஸ் எல்லாம் ஒரு மண்சட்டியில். மெல்லிய சூட்டில் ஆறு, ஏழு மணி நேரம். அவ்வளவு நேரம் எந்தப் பயறு வெந்தாலும் குழைந்து கூழாக வேண்டும். இது குழைவதில்லை. முழு முழு மணியாக, உள்ளே வெண்ணெய் போல நிற்கிறது. பயற்றின் செல் சுவர்களை ஒட்டவைத்திருக்கும் பசை பெக்டின். கால்சியம் சேர்ந்தால் அந்தப் பசை இறுகும், அமிலம் இருந்தால் கரையத் தயங்கும், சர்க்கரையும் அதே பக்கம் நிற்கும். மொலாசஸில் மூன்றும் உண்டு. 100 கிராமில் கால்சியம் மட்டும் 200 மில்லிகிராமுக்கு மேல்.

இதே காரணத்தால் ஒரு விபத்தும் நடக்கும். வேகாத பயற்றோடு ஆரம்பத்திலேயே மொலாசஸை ஊற்றிவிட்டால் மணிக்கணக்கில் வேகவைத்தாலும் கடுக்கென்றுதான் இருக்கும். பயற்றைத் தனித் தண்ணீரில், நகத்தால் அழுத்தினால் நசுங்குகிற பதத்துக்கு வேகவிட்டு, அதன் பிறகு ஊற்ற வேண்டும். தக்காளிச் சாறு சேர்க்கும் பயறுகளுக்கும் இதே முறைதான்.

ஏன் பாஸ்டன்? இதற்குக் கடல் தாண்டிய கதை இருக்கிறது, இனிப்பான கதை இல்லை. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் கரீபியன் தீவுகளில் கரும்பு விளைந்தது. சர்க்கரை ஐரோப்பாவுக்குப் போயிற்று, மிஞ்சிய மொலாசஸ் பீப்பாய்களில் வட அமெரிக்காவில் பாஸ்டன் போன்ற நியூ இங்கிலாந்து துறைமுகங்களுக்கு வந்தது. அங்கே அதைப் புளிக்கவைத்து ரம் வடித்தார்கள். அந்த ரம்மில் ஒரு பங்கு மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய் மனிதர்களை வாங்கியது. வாங்கப்பட்டவர்கள் அதே தீவுகளில் கரும்பு வெட்டினார்கள். அமெரிக்கத் தென்பகுதித் தோட்டங்களில் அடிமைப்பட்டவர்களுக்கு அளந்து கொடுத்த உணவிலும் சோளமாவு, உப்பிட்ட பன்றிக்கறி இவற்றோடு மொலாசஸ் இருந்தது.

1733-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், பிற நாட்டுத் தீவுகளிலிருந்து தன் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு வரும் மொலாசஸுக்கு கேலனுக்கு 6 பென்ஸ் வரி போட்டது. வியாபாரிகள் கட்டினார்களா என்றால், கடத்தினார்கள். 1764-இல் வரியை 3 பென்ஸாகக் குறைத்து, இந்த முறை கறாராக வசூலிக்கப் பார்த்தார்கள். எதிர்ப்பு அங்கிருந்து வளர்ந்தது. அமெரிக்க விடுதலைக்கு மொலாசஸ் ஓர் இன்றியமையாத சேர்மானம் என்று ஒப்புக்கொள்ள நாம் வெட்கப்பட வேண்டியதில்லை என்று முன்னாள் அமெரிக்க அதிபர் ஜான் ஆடம்ஸ் 1818-இல் எழுதினார். அந்த விடுதலை கரும்பு வெட்டியவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதை அவருடைய வாக்கியத்தின் பக்கத்தில் வைத்தே படிக்க வேண்டும்.

வெள்ளைச் சர்க்கரை விலை உயர்ந்திருந்தவரை அங்கே சாதாரண வீடுகளில் இனிப்பு என்றால் மொலாசஸ்தான். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சர்க்கரை மலிவாக, மொலாசஸ் பின்வாங்கியது. எல்லாவற்றிலிருந்தும் போய்விடவில்லை. இஞ்சி கேக், ஆவியில் வேகவைக்கும் ரை தானிய ரொட்டி, பென்சில்வேனியாவின் ஷூஃப்ளை பை என்ற மொலாசஸ் பண்டம், சட்டி பீன்ஸ் என்று சில இடங்களில் ஒட்டிக்கொண்டது. சர்க்கரையைப் போட்டுப் பார்த்து, சரிவராமல் திரும்ப இதனிடமே வந்த பண்டங்கள் இவை என்று எனக்குத் தோன்றுகிறது.

பாஸ்டனில் 1919 ஜனவரி 15 அன்று நடந்ததையும் சொல்லாமல் போக முடியாது. துறைமுகத்தை ஒட்டி நின்ற சுமார் 15 மீட்டர் உயர இரும்புத் தொட்டி வெடித்து, ஏறத்தாழ 87 லட்சம் லிட்டர் மொலாசஸ் தெருவுக்குள் பாய்ந்தது. 21 பேர் இறந்தார்கள், 150 பேர் அளவில் காயமடைந்தார்கள். தொழிற்சாலைச் சாராயத்துக்கென்று சேமித்தது அது, சமையலுக்கு இல்லை. இந்தப் பாகு தண்ணீரைவிட 1.4 மடங்கு கனம். அலையாக வந்தபோது கட்டடங்களைப் பெயர்த்தது. பிறகு குளிரில் இறுகி, சிக்கியவர்களை எழுந்திருக்க விடாமல் பிடித்துக்கொண்டது. சூடு கொஞ்சம் மாறினாலே இதன் ஓட்டம் எவ்வளவு மாறும் என்பதற்கு இதைவிடக் கொடூரமான சான்று வேண்டாம்.

அந்தக் குணம் சமையலறையிலும் தெரியும். குளிர்ந்த புட்டியிலிருந்து ஊற்றினால் நூலாக இறங்கிக்கொண்டே இருக்கும். புட்டியை வெந்நீர்ப் பாத்திரத்தில் பத்து நிமிடம் நிற்கவைத்தால் இளகிவிடும். அளக்கும் கரண்டியில் முதலில் எண்ணெய் தடவிக்கொண்டால் ஒட்டாமல் முழுசாக வழுக்கி விழும். எடை போட்டு எடுக்கிறவர்கள் ஒரு மேசைக்கரண்டிக்கு 20 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம்.

காரச் சமையலிலும் இதற்கு இடம் உண்டு. சுடும் இறைச்சிக்குப் பூசும் பார்பெக்யூ சாஸ்களில் பலவற்றின் கறுப்பும் பளபளப்பும் மொலாசஸால் வருவது. பூசுவதைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், முன்னாலேயே பூசினால் கருகும். வெகுநேரம் கொதிக்கும் தக்காளிக் குழம்பிலோ வதக்கிய வெங்காயத்திலோ ஒரு தேக்கரண்டி விட்டால் இனிப்பு தெரியாது, நிறமும் ஆழமும் கூடும்.

பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாத சில பொருட்களும் உண்டு. மாதுளை மொலாசஸ், திராட்சை மொலாசஸ், பேரீச்சை மொலாசஸ் எல்லாம் பழச்சாற்றைச் சுண்டக் காய்ச்சியவை. அவற்றிலிருந்து யாரும் சர்க்கரையை எடுக்கவில்லை. மாதுளையில் செய்தது நன்றாகவே புளிக்கும், இஞ்சி கேக்கில் அதை ஊற்றினால் நான் பொறுப்பில்லை. பீட்ரூட்டின் உறவான சுகர் பீட் என்ற கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும்போதும் கடைசியில் மொலாசஸ் வரும். ஆனால் அதன் வாடையும் கசப்பும் மனித வாய்க்கு ஒத்துவராது. மாட்டுத் தீவனத்துக்கும் ஈஸ்ட் வளர்க்கவும் போகிறது. மாற்று வேண்டுமென்றால் பிரிட்டனின் கறுப்பு ட்ரீக்கிள் நெருங்கி வரும். 1880-களில் லண்டனில் ஆப்ரம் லைல் விற்கத் தொடங்கிய கோல்டன் சிரப்பும் சர்க்கரை ஆலையில் பிறந்ததுதான், ஆனால் கசப்பும் கறுப்பும் அதில் கிடையாது.

பிளாக்ஸ்ட்ராப்பை இரும்புச் சத்துக்காகக் கரண்டி கரண்டியாகக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 1950-இல் கேலார்ட் ஹவுசர் என்ற உடல்நல எழுத்தாளர் தன் புத்தகத்தில் இதை ஐந்து அதிசய உணவுகளில் ஒன்றாக ஏற்றிவைத்தார். கடைகளில் புத்தகமும் புட்டியும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டே அமெரிக்க உணவு மருந்துத் துறை புட்டிகளோடு புத்தகங்களையும் கைப்பற்றியது. பொருளின் பக்கத்தில் வைத்து விற்றால் புத்தகமும் பொருளின் லேபிள்தான், அதில் இருப்பது பொய் வாக்குறுதி என்பது அவர்கள் வாதம். சத்து இல்லாமல் இல்லை. சாதாரண மொலாசஸ் ஒரு மேசைக்கரண்டியில் பொட்டாசியம் 300 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாக, இரும்பு 1 மில்லிகிராமுக்குக் குறைவாக. பிளாக்ஸ்ட்ராப்பில் இரும்பு இதைப்போலச் சில மடங்கு. கூடவே பத்துக் கிராமுக்கு மேல் சர்க்கரையும் உள்ளே போகிறது. வெள்ளைச் சர்க்கரையில் இதெல்லாம் இல்லை என்பது சரி. ரத்தசோகைக்கு மருத்துவரைப் பார்ப்பதற்குப் பதிலாகப் புட்டியைத் திறப்பது சரியில்லை.

வைத்துக்கொள்வதில் கஷ்டமே இல்லை. அலமாரியில் ஒரு வருடம் தாராளமாக நிற்கும், ஃபிரிட்ஜ் வேண்டாம், அங்கே வைத்தால் இறுகிப் போகும். ஊற்றிய பிறகு புட்டியின் வாயைத் துடைத்து மூடவில்லை என்றால் மூடி பிடித்துக்கொண்டு அடுத்த முறை திறக்க இடுக்கி தேட வேண்டும். ஈரக் கரண்டியை மட்டும் உள்ளே விடாதீர்கள். பாகு அடர்த்தியாக இருக்கிறவரை கிருமிகள் அதில் எளிதில் பெருகாது, தண்ணீர் கலந்த இடத்தில் ஈஸ்ட் குடியேறிவிடும். சில நாளில் மேலே நுரை கட்டி, மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வந்து சாராய வாடை அடிக்கும். ரம் வடிக்கிறவர்கள் காத்திருப்பது அதற்குத்தான், நாம் அந்தப் புட்டியைக் கொட்டிவிட்டு வேறு வாங்க வேண்டியதுதான்.